முடிவு அவளிடமே இருக்கட்டும்

கருக்கலைப்புச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஒரு மருத்துவரின் கையெழுத்துக்கும் நீதிபதியின் உத்தரவுக்கும் பெண் இன்னும் ஏன் காத்திருக்க வேண்டும்?

2023 அக்டோபரில், ஒரு பெண்ணின் கர்ப்பம் பற்றி உச்ச நீதிமன்றம் ஒரு வார இடைவெளிக்குள் மூன்று விதமாகப் பேசியது. அவருக்கு வயது 27. திருமணமானவர், இரண்டு பிள்ளைகளின் தாய். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கடுமையான மனநோய்க்கு ஆளாகி மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாய்ப்பால் கொடுத்துவந்ததால் மாதவிடாய் வரவில்லை. அதனால் மீண்டும் கருவுற்றதே தெரியவில்லை. தெரிந்தபோது சட்டம் போட்ட 24 வார எல்லை நெருங்கிவிட்டது. இன்னொரு பிள்ளையை வளர்க்க உடம்பிலும் மனத்திலும் தெம்பு இல்லை, கையில் காசும் இல்லை என்று சொல்லி நீதிமன்றப் படியேறினார்.

அக்டோபர் 9 அன்று நீதிபதிகள் ஹிமா கோலி, பி.வி. நாகரத்னா அமர்வு கருவைக் கலைக்க அனுமதித்தது. கரு உயிரோடு பிறக்க வாய்ப்பு உண்டு என்று எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். மத்திய அரசு மீண்டும் நீதிமன்றத்தை அணுகியது. அக்டோபர் 11 அன்று அதே இரு நீதிபதிகளும் எதிரெதிர்த் திசையில் நின்றார்கள். அந்தப் பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்றார் நாகரத்னா. ஹிமா கோலிக்கு மனம் ஒப்பவில்லை. அக்டோபர் 16 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு அனுமதி மறுத்தது. அப்போது கருவுக்கு 26 வாரம் 5 நாள். பிரசவச் செலவை அரசு ஏற்கும், விரும்பினால் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று சொல்லி வழக்கு முடிந்தது.

அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று தேநீர்க் கடை முதல் தொலைக்காட்சி வரை விவாதம் நடந்தது. அதைவிட முக்கியமான கேள்வி வேறொன்று. ஒரு பெண் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை எடுப்பதற்கு இத்தனை பேரின் சம்மதம் ஏன் தேவைப்படுகிறது? மருத்துவர், மருத்துவ வாரியம், அரசு வழக்கறிஞர், இரு நீதிபதிகள், பிறகு மூன்று நீதிபதிகள். பிள்ளையைச் சுமந்தவளின் சொல், இந்த வரிசையில் கடைசியாகத்தான் வந்தது.

இது உலகின் தாராளமான கருக்கலைப்புச் சட்டங்களில் ஒன்றைக் கொண்ட நாட்டில் நடந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973-இல் கருக்கலைப்பை உரிமை என்று அறிவிப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பே இந்தியா சட்டம் இயற்றிவிட்டது. அமெரிக்கா 2022-இல் அந்த உரிமையைப் பறித்தபோது நாம் பெருமைப்பட்டுக்கொண்டோம். பெருமைப்பட இடமுண்டு. ஆனால் நம் சட்டத்தை வரிவரியாகப் படித்தால் ஒன்று தெளிவாகும். அது பெண்ணுக்கு உரிமை தரவில்லை. மருத்துவருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு தருகிறது. நம் ஆஸ்பத்திரிகளில் பெண்கள் படும் பாடு அனைத்துக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

குற்றத்தின் நிழலில் பிறந்த சட்டம்

1860-இல் வெள்ளையர் ஆட்சி இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தால் மட்டும் விலக்கு. மற்றபடி மூன்று ஆண்டு வரை சிறை. வயிற்றில் குழந்தை அசையத் தொடங்கிய பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளிதான் என்று அந்தப் பிரிவு தனியாக விளக்கமே கொடுத்தது.

சட்டம் தடுத்ததால் கருக்கலைப்பு நிற்கவில்லை. மறைவுக்குப் போனது. எருக்கங்குச்சியும் கள்ள மருத்துவச்சியும் கொன்ற பெண்களின் கதைகள் தமிழ்க் கிராமங்களில் இன்றும் தாழ்ந்த குரலில் பேசப்படுகின்றன. நாள் தள்ளிப்போனதும் பப்பாளிக்காயும் எள்ளும் கருப்பட்டியும் தேடியவர்கள் நம் பாட்டிமார்கள். அது பலிக்காதபோது உயிரைப் பணயம் வைத்தார்கள்.

இந்தச் சாவுகளைக் கண்டுதான் 1964-இல் மத்திய அரசு சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1966 இறுதியில் அறிக்கை வந்தது. 1971-இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பெண்களின் உயிரைக் காக்கும் அக்கறை அதில் உண்மையாகவே இருந்தது. கூடவே இன்னொரு அக்கறையும் இருந்தது. மக்கள்தொகை பெருகுகிறதே என்ற அச்சம் டெல்லியை ஆட்டிப்படைத்த காலம் அது. சட்டத்தின் வாசகத்திலேயே அதன் தடம் தெரிந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த, திருமணமான பெண்ணோ அவள் கணவனோ பயன்படுத்திய கருத்தடைச் சாதனம் பலனளிக்காமல் போனால், அந்தக் கர்ப்பம் அவளுக்குக் கடுமையான மனவேதனை தருவதாகக் கொள்ளலாம் என்றது சட்டம். திருமணமாகாதவளுக்கு அந்தச் சலுகை இல்லை. 'எனக்கு இப்போது பிள்ளை வேண்டாம்' என்று ஒரு பெண் சொல்வது காரணமாகவே ஏற்கப்படவில்லை. அவள் ஒரு சாக்கு சொல்ல வேண்டும், மருத்துவர் அதை நம்ப வேண்டும்.

1860-இன் குற்றப் பிரிவு ஒழிக்கப்படவில்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவாக அது தொடர்கிறது. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் குற்றத்தின் நடுவே மருத்துவர்களுக்குப் போட்ட ஒற்றையடிப் பாதை. பாதையை விட்டு ஓரடி விலகினால் குற்றம் காத்திருக்கிறது. எனவே மருத்துவர் எப்போதும் தன்னைக் காத்துக்கொள்ளவே முதலில் பார்க்கிறார். அவர்மீது மட்டும் பழிபோடுவது நியாயமாகாது. சட்டம் அவரை அங்கே நிறுத்தியிருக்கிறது.

தமிழகம் முன்பே கேட்ட கேள்வி

டெல்லிக்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த மண்ணில் வேறொரு குரல் ஒலித்தது. பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடை பற்றி ஒரு கட்டுரை உண்டு. மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் குடும்பத்தின் வறுமைக்காகவும் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் கர்ப்பத்தடையை ஆதரிக்கிறார்கள், நாம் பெண் விடுதலைக்காக ஆதரிக்கிறோம் என்பதே அதன் சாரம். பிள்ளை பெறுவதுதான் பெண்ணை அடிமையாக்கி வைத்திருக்கிறது என்று அவர் வெளிப்படையாக எழுதினார்.

அவர் பேசியது கருத்தடையைப் பற்றி. ஆனால் அந்தக் கட்டுரை போட்டுவைத்த அடிப்படை கருக்கலைப்புக்கும் அப்படியே பொருந்தும். நாட்டுக்குப் பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள் என்பதால் கிடைக்கும் அனுமதியை, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று நாடு நினைக்கும் நாளில் திரும்பப் பெற்றுக்கொள்ள முடியும். இன்று தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் குறைந்துவிட்டது, நாடாளுமன்றத் தொகுதிகள் குறையும், ஆகவே நிறையப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று மேடைகளில் பேச்சு எழுகிறது. அன்று பெறாதே என்றவர்களும் இன்று பெற்றுக்கொள் என்பவர்களும் பெண்ணின் கருப்பையை ஒரு கணக்கின் பகுதியாகவே பார்க்கிறார்கள். அவளுடைய விருப்பம் இரண்டு கணக்கிலும் சேரவில்லை.

சட்டம் இன்று சொல்வது என்ன?

ஐம்பது ஆண்டில் சட்டம் நகரவே இல்லை என்று சொல்ல முடியாது. 2009-இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில், பிள்ளை பெறுவதும் பெறாமலிருப்பதும் பெண்ணின் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சண்டிகரில் அரசுக் காப்பகம் ஒன்றில் இருந்த, மனவளர்ச்சி குறைந்த பெண்ணின் வழக்கு அது. அவளுடைய சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்கக் கூடாது என்றது நீதிமன்றம். கலைக்க விரும்பும் பெண்ணின் உரிமையும் பெற விரும்பும் பெண்ணின் உரிமையும் ஒரே உரிமைதான் என்பதை அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது.

2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போதைய நிலை இதுதான்:

20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும்.

20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குட்பட்ட சிறுமிகள், கர்ப்பகாலத்தில் கணவனை இழந்தவர்கள் அல்லது மணமுறிவு பெற்றவர்கள், மாற்றுத்திறனாளிகள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள், பேரிடர்ச் சூழலில் இருப்பவர்கள் போன்றோருக்கு மட்டும் இது பொருந்தும்.

24 வாரத்துக்குப் பிறகு, கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னால் மட்டுமே அனுமதி. வாரியம் மூன்று நாளுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் வார வரம்பே கிடையாது.

மாத்திரை மூலம் கலைப்பதற்கு 9 வாரம் வரை அனுமதி.

18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டுமே போதும். கணவன், பெற்றோர், மாமியார் எவர் கையெழுத்தும் தேவையில்லை. பெண்ணின் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை.

'திருமணமான பெண்ணோ அவள் கணவனோ' என்றிருந்த வாசகம் 'எந்தப் பெண்ணும் அவளுடைய இணையரும்' என்று மாறியதும் இதே திருத்தத்தில்தான். அதன் வீச்சை 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் முழுமையாக்கியது. டெல்லியில் வசித்த, மணிப்பூரைச் சேர்ந்த 25 வயதுப் பெண் ஒருவர். காதலன் மணக்க மறுத்துவிட்டான். திருமணமாகவில்லை என்பதால் 20 வாரத்துக்குப் பிறகு அனுமதி கிடையாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் கைவிரித்தது. உச்ச நீதிமன்றம் அந்தப் பாகுபாட்டை ஏற்கவில்லை. அதே தீர்ப்பில், இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு, கணவன் செய்யும் வன்புணர்வும் வன்புணர்வே என்றது. தாலி கட்டியவன் என்பதால் எல்லாம் சம்மதம் என்று கருதும் நாட்டில் இது சிறிய சொல்லல்ல.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சட்டம் தேய்கிறது

தாளில் உள்ள இந்த உரிமையோடு ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன நடக்கிறது? "வீட்டுக்காரர் வந்திருக்காரா?" என்பதே முதல் கேள்வி. அவர் கையெழுத்து இல்லாமல் வேலை நகர்வதில்லை. சட்டம் கேட்காத அந்தக் கையெழுத்தை ஆஸ்பத்திரிகள் கேட்பது, நாளை கணவன் வந்து சண்டை போட்டால் என்ன செய்வது என்ற பயத்தால். திருமணமாகாத பெண் என்றால் அம்மாவைக் கூட்டிவரச் சொல்வார்கள். இரண்டு பிள்ளை உள்ளவள் என்றால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் சேர்த்துச் செய்துகொள்ள வற்புறுத்துவார்கள். கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்க்கும் பார்வை, கேட்காமலே அறிவுரை சொல்லும் வாய், வரிசையில் எல்லோர் முன்னிலும் உரக்க விசாரிக்கும் குரல். இவை எதுவும் சட்டத்தில் இல்லை. ஆனால் ஏழைப்பெண் சந்திக்கும் சட்டம் இதுதான்.

பணமும் விவரமும் உள்ள பெண் தனியார் கிளினிக்கில் அரை நாளில் முடித்துக்கொண்டு வீடு திரும்புகிறாள். இல்லாதவள் மருந்துக் கடைக்குப் போகிறாள். லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்த ஆய்வின்படி, 2015-இல் இந்தியாவில் சுமார் 1.56 கோடி கருக்கலைப்புகள் நடந்தன. அவற்றில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரை மூலம் நடந்தவை. ஆய்வு நடந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அனுமதி கேட்கும் கதவுகளை விட்டு விலகிப் பெண்கள் தாங்களே வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் இந்த எண்ணின் பொருள்.

மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற அந்த இரண்டு மருந்துகளும் நல்ல மருந்துகள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. சரியான வாரத்தில், சரியான அளவில் எடுத்தால் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. ஆபத்து அறியாமையில் இருக்கிறது. எத்தனை வாரம் என்று தெரியாமல் சாப்பிடுவது, கரு கருக்குழாயில் தங்கியிருப்பதை அறியாமல் சாப்பிடுவது, ரத்தப்போக்கு நிற்காதபோதும் பயந்துகொண்டு வீட்டிலேயே கிடப்பது. இங்கே வழிகாட்ட வேண்டிய அரசு, தமிழ்நாட்டில் மருந்துக் கடைகள்மீது கெடுபிடி காட்டியது. விளைவு, சீட்டு இருந்தாலும் பல கடைகளில் இந்த மாத்திரை கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் கறுப்புச் சந்தையும் போலி மருத்துவரும் முளைப்பது இயல்பு.

பெண் சிசுவின் பெயரால்

இந்தக் கெடுபிடிக்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. அதைத் தள்ளிவிட முடியாது. உசிலம்பட்டி என்ற பெயர் 1980-களில் நாடெங்கும் பேசப்பட்டதற்குக் காரணம் பெண் சிசுக்கொலை. சேலம், தருமபுரியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. கள்ளிப்பாலும் நெல்மணியும் செய்த வேலையை ஸ்கேன் கருவி எடுத்துக்கொண்டதும் தெரிந்ததுதான். 2011 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 1,000 ஆண்களுக்குத் தமிழ்நாட்டில் 943 பெண்கள். வட தமிழக மாவட்டங்களில் நடமாடும் ஸ்கேன் கும்பல்கள் பிடிபடும் செய்தி இன்றும் வருகிறது.

இந்தக் கொடுமையைத் தடுக்க 1994-ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் இருக்கிறது. அது ஸ்கேன் செய்து பாலினம் சொல்பவரைப் பிடிப்பதற்கான சட்டம். அந்தக் கண்காணிப்பைக் கருக்கலைப்புச் சேவையின் மீது திருப்பும்போது குற்றவாளி தப்பிவிடுகிறான். பாலினம் தெரியவே தெரியாத எட்டாவது வாரத்தில் வரும் பெண்ணை ஆஸ்பத்திரி திருப்பி அனுப்புகிறது. அதிகாரிகளின் சோதனைக்குப் பயந்து, 12 வாரம் தாண்டிய எந்தப் பெண்ணையும் ஏற்காத மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். பெண் குழந்தையைக் கலைக்கச் சொல்லி மருமகளை அழைத்துவரும் குடும்பமும், பிள்ளை வேண்டாம் என்பவளை 'பெற்றுத்தான் ஆக வேண்டும்' என்று அடக்கும் குடும்பமும் ஒரே தவற்றைச் செய்கின்றன. இரண்டிலும் முடிவு அவளுடையதல்ல. பெண்ணின் சொல்லுக்கு வலுவேற்றும் சட்டம், பெண் சிசுவுக்கும் காவலாகவே இருக்கும்.

சிறுமிகளும் போக்சோவும்

இன்னும் துயரமான இடம் சிறுமிகளுடையது. 2017-இல் சண்டிகரைச் சேர்ந்த 10 வயதுச் சிறுமி, உறவினரின் வன்கொடுமையால் கருவுற்றாள். கருவுற்றது பெற்றோருக்குத் தெரியவந்தபோதே மாதங்கள் கடந்திருந்தன. 32 வாரக் கருவைக் கலைப்பது ஆபத்து என்று மருத்துவர்கள் சொல்ல, உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்தக் குழந்தை ஆகஸ்டில் அறுவைசிகிச்சை மூலம் ஒரு குழந்தையைப் பெற்றெடுத்தாள்.

பதின்பருவத்துப் பெண்ணுக்கு உடம்பில் நடப்பது என்னவென்றே தெரிவதில்லை. தெரிந்தாலும் சொல்லப் பயம். 18 வயதுக்குட்பட்டவள் என்றால் போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். காதலித்து ஓடிப்போன 17 வயதுப் பெண்ணும் அதில் அடங்குவாள். காதலன் சிறைக்குப் போவான், ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் அந்தப் பெண்கள் மருத்துவமனையை நெருங்குவதே இல்லை. 2022 தீர்ப்பு இதற்கும் ஒரு வழி சொன்னது. சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அவளுடைய பெயரையோ அடையாளத்தையோ மருத்துவர் காவல்துறையிடம் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு வரி தமிழ்நாட்டின் எத்தனை அரசு மருத்துவமனைகளின் பணியாளர்களுக்குத் தெரியும்? தெரிந்தவர்களிலும் எத்தனை பேர் துணிந்து பின்பற்றுவார்கள்?

தாமதத்தின் இயல்பே கொடியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்ட மருத்துவமனைக்கு, அங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்கு, அங்கிருந்து வழக்கறிஞரிடம் என்று அலைக்கழிக்கப்பட்டு வாரங்கள் கரைகின்றன. கடைசியில், நாள் கடந்துவிட்டதே என்று அவளிடமே சொல்கிறார்கள். தாமதத்தை உண்டாக்கியவர்கள் யாரோ, தண்டனை அவளுக்கு.

கருவும் ஓர் உயிர்தானே?

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு யாரும் நேர்மையாக இதை எழுத முடியாது. கத்தோலிக்கத் திருச்சபை கருவுற்ற கணத்திலிருந்தே உயிர் என்கிறது. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பலர் 120 நாள் என்ற கணக்கைப் பேசுகிறார்கள். இந்துக் குடும்பங்களில் கருவைக் கலைப்பது பாவம் என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. இதை மனதார நம்புகிறவர்களை நான் மதிக்கிறேன். பிள்ளைக்காகக் கோயில் கோயிலாக ஏறி இறங்கும் பெண்ணுக்கு அந்த ஆறு வாரக் கருவே உலகம். அவளுடைய அந்த உணர்வை எவரும் குறைத்துப் பேசக் கூடாது.

என் கருத்து இது. கருவுக்கு மதிப்பு உண்டு, அந்த மதிப்பு வாரத்துக்கு வாரம் கூடுகிறது. ஆனால் அது வளர்வதற்கு உள்ள ஒரே இடம் இன்னொரு மனுஷியின் உடம்பு. அந்த உடம்பை அவள் விருப்பத்துக்கு மாறாக ஒன்பது மாதம் பயன்படுத்திக்கொள்ள அரசுக்கு அதிகாரம் கிடையாது. பெற்ற பிள்ளைக்கே ஆனாலும் சிறுநீரகத்தைக் கொடு என்று எந்த நீதிமன்றமும் தகப்பனுக்கு உத்தரவிடுவதில்லை. தருவதும் மறுப்பதும் அவன் மனசாட்சி. அந்த மரியாதை தாய்க்கும் வேண்டும்.

ஏழாம் மாதத்தைத் தொடும் கருவின் விஷயம் கனமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே மருத்துவர்களின் தயக்கத்துக்கு நியாயம் உண்டு. அதனால்தான் முதல் வாரங்களில் கதவு அகலத் திறந்திருக்க வேண்டும் என்கிறேன். எட்டாவது வாரத்தில் எளிதாகச் செய்ய முடிந்திருந்தால், இருபத்தாறாவது வாரத்தில் நீதிமன்றத்துக்கு வரும் பெண்களில் பலர் வந்திருக்கவே மாட்டார்கள்.

சட்டத்தின் இன்னொரு முரணும் என்னை உறுத்துகிறது. 24 வாரத்துக்குப் பிறகு, கருவில் குறைபாடு இருந்தால் அனுமதி உண்டு. வன்கொடுமையால் கருவுற்ற சிறுமிக்கு அனுமதி இல்லை, அவள் நீதிமன்றம் போக வேண்டும். மாற்றுத்திறனாளிக் குழந்தை பிறப்பதுதான் ஒரு தாய்க்கு நேரும் ஆகப்பெரிய துன்பம் என்று சட்டம் சொல்லாமல் சொல்கிறது. 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில் 2024-இல் உச்ச நீதிமன்றமே இந்த வகைப்பாட்டின் நியாயத்தைச் சந்தேகித்தது. அதே தீர்ப்பில், கருவுற்றவரின் விருப்பமே முதன்மை என்றும் கூறியது. குறைபாடு தெரிந்ததும் கலைத்துவிடு என்று பெற்றோரை நெருக்குவதும் தவறு, சுமந்தே ஆக வேண்டும் என்று நெருக்குவதும் தவறு. அந்தத் தாய்க்கு உண்மையைச் சொல்லி, அவகாசம் கொடுத்து, அவள் எடுக்கும் முடிவுக்குத் துணை நிற்பதே மருத்துவத்தின் வேலை.

கடல் கடந்தும் மலை கடந்தும்

பாக் நீரிணைக்கு அப்பால் தமிழ்ப் பெண்கள் வாழும் இலங்கையில், 1883-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையே இன்றும் நடப்பு. தாயின் உயிரைக் காக்க மட்டும் கருக்கலைப்பு. வன்கொடுமைக்கு ஆளானவளுக்கும் விலக்கு இல்லை. 1995-இல் திருத்த முயன்று பின்வாங்கினார்கள். 2017-இல் அமைச்சரவை வரை வந்த முயற்சி, மத அமைப்புகளின் எதிர்ப்பால் முடங்கியது. போரில் கணவனையும் பிள்ளைகளையும் இழந்த பெண்கள் நிறைந்த வடக்கிலும் கிழக்கிலும் இந்தச் சட்டம் யாரைத் தண்டிக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

நேபாளமோ, கருக்கலைப்புக்காகப் பெண்களைச் சிறையில் அடைத்த நாடு. 2002-இல் சட்டத்தை மாற்றி, முதல் 12 வாரம் வரை பெண்ணின் விருப்பமே போதும் என்றது. 2009-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஏழைப் பெண்ணுக்கும் கட்டுப்படியாகும் வகையில் சேவை தருவது அரசின் கடமை என்றது. பயிற்சி பெற்ற செவிலியர்களும் அங்கே இந்தச் சேவையைத் தருகிறார்கள். நம்மைவிட வசதி குறைந்த அண்டை நாடு செய்ததை நாம் செய்ய முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, 12 வாரம் வரை பெண் கேட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டம் மாற வேண்டும். இது புரட்சிகரமான கோரிக்கையல்ல. 2014-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வரைவிலேயே இது இருந்தது. 2021-இல் திருத்தம் வந்தபோது அதைக் காணவில்லை.

இரண்டாவது, தன் கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணைக் குற்றவாளியாக்கும் வாசகம் தண்டனைச் சட்டத்திலிருந்து நீங்க வேண்டும். அவள் சம்மதமின்றிக் கலைப்பவனுக்கும், பாலினம் பார்த்துக் கலைக்க வைப்பவனுக்கும் தண்டனை இருக்கட்டும்.

மூன்றாவது, 24 வாரத்துக்குப் பிறகான முடிவுகள் நீதிமன்றத்துக்குப் போகாமல், மாவட்ட அளவில் நிலையான மருத்துவ வாரியத்திலேயே சில நாட்களில் முடிய வேண்டும். வன்கொடுமைக்கு ஆளானவர்களின் வழக்குகள் முதலில் வர வேண்டும்.

இவற்றுக்கு நாடாளுமன்றம் மனம் வைக்க வேண்டும். ஆனால் நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. சுகாதாரம் மாநிலத்தின் பொறுப்பு. பேறுகால மரணத்தைக் குறைத்ததில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டி. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. கிராம சுகாதார செவிலியர் வீட்டு வாசல் வரை வரும் மாநிலம் இது. கருவுற்றவுடன் பதிவு செய்து, மாதாமாதம் எடை பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை தந்து கவனிக்கும் இதே அமைப்பு, பிள்ளை வேண்டாம் என்று வரும் பெண்ணையும் அதே கனிவோடு நடத்த ஒரு சுற்றறிக்கை போதும்.

வயது வந்த பெண்ணின் கையெழுத்து மட்டுமே போதும் என்று ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் பெண்கள் பிரிவிலும் தமிழில் எழுதி ஒட்டலாம். கணவன் கையெழுத்துக் கேட்பவர்மீது நடவடிக்கை எடுக்கலாம். குடும்பக் கட்டுப்பாட்டை நிபந்தனையாக்குவதை நிறுத்தலாம். தாலுகா மருத்துவமனை வரை மாத்திரை முறைச் சேவையும், உறிஞ்சு முறைச் சிகிச்சையும் கிடைக்கச் செய்யலாம். மருத்துவர் சீட்டுக்கு மாத்திரை தரும் கடைக்காரரை மிரட்டாமல் இருக்கலாம். சிறுமியின் பெயரை மறைக்கச் சட்டம் இடம் தருகிறது என்று மருத்துவருக்கும் காவலருக்கும் சேர்த்தே பயிற்சி தரலாம். பள்ளியிலேயே மாதவிடாயும் கருத்தரிப்பும் கருத்தடையும் கூச்சமின்றிக் கற்பிக்கலாம்.

பெண்ணுக்குச் சொத்தில் பங்கு தந்த மாநிலம் இது. உள்ளாட்சியில் பாதி இடம் தந்த மாநிலம். பஞ்சாயத்துத் தலைவியாகி ஊருக்கே சாலையும் குடிநீரும் முடிவு செய்கிறவள், தன் வயிற்றில் வளர்வதைப் பற்றி முடிவெடுக்க ஆண்துணை வேண்டும் என்பதை எப்படி ஏற்பது? ஐம்பது ஆண்டு முன்பு சட்டம் அவளை நம்பாமல் மருத்துவரை நம்பியது. அன்று அதற்கு ஒரு காலம் இருந்திருக்கலாம். இனி அவளையே நம்ப வேண்டும். அவள் பெறத் தீர்மானித்தால் தாயையும் சேயையும் காப்பதும், வேண்டாம் என்று தீர்மானித்தால் அவள் உயிரையும் மானத்தையும் காப்பதும் அரசின் கடமை. இரண்டு கடமையையும் ஒரே அக்கறையோடு செய்யும் அரசைத்தான் இந்த மாநிலத்துப் பெண்கள் கேட்கிறார்கள்.